பிடித்த தூசியை எங்கே வைக்கிறது?

திண்டிவனம் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு இருக்கிறது. பெயர்தான் சைக்கிள் ஸ்டாண்டு. உள்ளே போய்ச் சைக்கிளைத் தேடினால் மூலையில் ஒன்றிரண்டு துருவேறிக் கிடக்கும். மற்றதெல்லாம் மோட்டார் பைக்கும் ஸ்கூட்டியும்தான். சென்னைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் காலை ரயிலைப் பிடிக்க அரக்கப்பரக்க வந்து வண்டியை உள்ளே தள்ளி, எண் அடித்த தகர டோக்கனை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். டோக்கன் கொடுக்கிறவள் ஜெசிந்தா. பெற்ற தாயே வந்து நின்றாலும் டோக்கன் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் "வாம்மா" என்பாள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள்.

பிறக்கும்போதே அவள் அப்படிப் பிறந்துவிடவில்லை. 1993இல் முகையூர்ப் பக்கத்திலிருந்து சவுரிராயனைக் கட்டிக்கொண்டு வந்தபோது யார் எதைச் சொன்னாலும் நம்புகிற பெண்ணாகத்தான் இருந்தாள். ஸ்டாண்டைப் பெருக்குகிற வேலை கிடைத்தது. முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அவசரத்தில் டோக்கன் எங்கேயோ விழுந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதான். இவளும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் காட்டிய மொபெட்டை எடுத்துக்கொடுத்தாள். சாயங்காலம் வண்டிக்குச் சொந்தக்காரர் டோக்கனோடு வந்து நின்றார். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது அவளுக்கு ஆயுசுக்கும் போதும். அழுகிறவனை நம்பக்கூடாது, சிரிக்கிறவனை அதைவிட நம்பக்கூடாது என்று வைத்துக்கொண்டாள். பிறகு முதலாளிக்குத் தள்ளாமை வந்து, ஸ்டாண்டை அவளே வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கியபோது இந்தக் குணம் அவளுக்குச் சோறு போட்டது. அவள் கையிலிருந்து அதற்கப்புறம் ஒரு வண்டியும் தவறிப் போகவில்லை.

கெடுதல் என்னவென்றால், அந்தக் குணத்தை ஸ்டாண்டோடு விட்டுவிட்டு வீட்டுக்குள் வர அவளால் முடியவில்லை. வீடு என்பதும் ஸ்டாண்டின் பின்பக்கச் சுவரை ஒட்டிய ஒரே அறைதான். மேலே சிமெண்ட் ஷீட்டு. ஒரு சன்னல், அதுவும் வண்டிகள் நிற்கிற பக்கம் பார்த்தது.

சவுரிராயன் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், வேலை செய்தவன். தோல் உடைக்கிற மிஷினுக்கு மூட்டை அவிழ்த்துக் கொட்டுகிற வேலை. அந்த மிஷின் ஓடுகிற கொட்டகையில் எதிரே நிற்கிறவன் முகம் தெரியாது. செம்மண்ணும் தோல்தூளும் புகைபோலக் கிளம்பும். சாயங்காலம் அவன் துண்டை உதறினால் வாசல் சிவக்கும். இருபது வருடத்துக்கு மேல் அதைச் சுவாசித்தான். போதாததற்குப் பீடி வேறு. 2015 வாக்கில் இளைப்பு வந்தது. முதலில் மார்கழியில் மட்டும். பிறகு மழைக்கும் வந்தது. அதற்குப் பிறகு காரணமே வேண்டியிருக்கவில்லை. மூட்டை தூக்க முடியாமல் மண்டியிலிருந்து நின்றுகொண்டான். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரையும் வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப்பும் கொடுத்து, "பீடிய இன்னிக்கே விட்டுடணும். தூசி, புகை எதுவும் கிட்டவே வரக்கூடாது" என்றார்.

பீடியை அவன் அன்றைக்கே விட்டான். அப்படித்தான் சொன்னான். ஜெசிந்தா நம்பவில்லை. அவன் வெளியே போய்விட்டு வந்தால் சட்டைப் பையைத் தடவுவாள். பேசுகிற சாக்கில் வாய்க்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோவாள். தலையணைக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், மாதா படத்துக்கு மேலே என்று கையை விட்டுப் பார்ப்பாள். ஒரு நாளும் ஒன்றும் அகப்பட்டதில்லை. அகப்படாததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

"இவ்ளோ மருந்து சாப்டும் ஏன் கேக்கல? நீ எங்கியோ போய்க் குடிச்சிட்டு வர்றே."

"மாதா மேல சத்தியமா இல்லமே."

"மாதாவ இதுல ஏன்யா இழுக்கிறே?"

அவன் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். பேச்சு அதோடு முடிந்துபோகும்.

பீடி இருக்கட்டும், புகை கிட்டே வரக்கூடாது என்பதற்கு என்ன செய்வது? காலையில் வந்து நிற்கிற வண்டிகள் சாயங்காலம் ரயில் வந்ததும் ஒரே நேரத்தில் உதைபட்டுக் கிளம்பும். பெட்ரோல் புகை சன்னல் வழியாக நேரே அவன் கட்டிலுக்குத்தான் வரும். சன்னலை அடைத்தால் அறை வேகும். வேறு வீடு பார்க்கலாம் என்றால், ஸ்டாண்டைப் பூட்டிவிட்டு இரவில் வேறிடத்தில் படுக்க அவளுக்குத் தைரியம் கிடையாது.

இந்தப் பேச்சு ஒரு நாள், ஸ்டாண்டில் தினம் வண்டி விடுகிற தேவநாதன் காதில் விழுந்தது. செங்கல்பட்டுக்கு அந்தாண்ட ஒரு கம்பெனியில் வேலை அவனுக்கு. முன்பெல்லாம் சென்னையில் கூட்டாளிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். கல்யாணத்துக்கப்புறம் திண்டிவனத்துக்கே வந்து, தினம் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தான்.

"அக்கா, காத்தைச் சுத்தம் பண்ற மிஷினு வந்திருக்குது. ஏர் பியூரிஃபயர்னு சொல்வாங்க. சின்ன ரூமுக்குப் பெரிசு வேணாம், கம்மி விலையிலயே கெடைக்கும். ஆனா பாத்து வாங்கணும். உள்ள கெட்டியா மடிப்பு மடிப்பா பேப்பர் ஃபில்டர் இருக்கணும். வெறும் லைட்டு போட்டு ஏமாத்துறதும் இருக்குது. சொல்லுங்க, ஃபோன்லயே ஆர்டர் போட்டுத் தர்றேன்."

ஜெசிந்தா அவனை மேலும் கீழும் பார்த்தாள். டோக்கன் நீட்டும்போதுகூட ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காத பிள்ளை. இவனுக்கு என் புருஷன் மூச்சைப் பற்றித் திடீரென்று என்ன கவலை? கமிஷன் ஏதாவது வரும். இல்லாவிட்டால் அந்த ஃபோனில் வாங்கச் சொன்னதற்குப் பரிசு தருவார்கள்.

"பாக்கறேன் தம்பி. ரயிலு வந்துடப் போவுது, போ" என்றாள்.

ஆனால் மிஷின் என்ற சொல் மனசில் தங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கம்பெனியில் வாங்குவதைவிட, கெட்டுப்போனால் போய்ச் சட்டையைப் பிடிக்கிற மாதிரி ஒரு கடையில் வாங்கலாம் என்று தோன்றியது. திண்டிவனத்தில் இரண்டு கடையில் கேட்டாள். ஒருவன் ஏர்கூலரைக் காட்டினான். இன்னொருவன் சிரித்தான். ஒரு நாள் மதியம் ஸ்டாண்டை எதிரே இட்லிக் கடை போட்டிருக்கும் குப்பம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு விழுப்புரத்துக்கு ரயில் ஏறினாள். சவுரிராயன் தானும் வருவதாகச் சொன்னான். "நீ வந்து இன்னா பண்ணப் போறே? அந்த ரோட்டுத் தூசியில உனக்கு இளைப்புதான் வரும்" என்று விட்டுவிட்டுப் போனாள்.

விழுப்புரத்தில் பஸ் நிலையத்துக்குப் போகிற சாலையில், மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் அடுக்கிய ஒரு கடை. முதலாளி ராஜசேகர் அவளைக் கண்டதும் எழுந்து, "வாங்கம்மா, வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த உபசாரத்தைப் பார்த்ததும் அவள் உட்காராமல் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் முதலில் எடுத்தது வெள்ளையாக, உருண்டையாக, குண்டுப் பானை மாதிரி ஒன்று. ஸ்விட்சைப் போட்டதும் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்து, பிறகு நீலமாகி, பச்சையாகி நின்றது. சத்தமே இல்லை.

"பச்சை வந்தா ரூமு சுத்தம்னு அர்த்தம்மா. பாருங்க, ஒரு வேடிக்கை காட்றேன்" என்று ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மிஷினை வைத்து, ஊதுவத்தியைக் கொளுத்தி உள்ளே புகை விட்டார். பெட்டி வெள்ளையாக மூடிக்கொண்டது. ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் புகை கரைந்து, மிஷின் பளிச்சென்று தெரிந்தது. "எப்டி?" என்றார்.

"நல்லாதான் இருக்குது. இப்ப ஸ்விட்சு போடாம ஒருக்கா புகை உடுங்க."

"ஸ்விட்சு போடலைன்னா எப்டிம்மா?"

"சும்மா உடுங்களேன், பாப்போம்."

மனசில்லாமல் விட்டார். இருவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். அந்தப் புகையும் எங்கேயோ போய், மிஷின் பளிச்சென்று தெரிந்தது.

"மூடி சரியா மூடல போல" என்றார் ராஜசேகர்.

ஜெசிந்தா மிஷினைக் கையில் வாங்கித் திருப்பினாள். குலுக்கினாள். பின்பக்கம் தட்டிப் பார்த்தாள்.

"இது புடிச்ச தூசிய எங்க வெக்குது?"

"அதாம்மா இதுல ஸ்பெஷலே! ஃபில்டரே கெடையாது. கழுவ வேணாம், மாத்த வேணாம், செலவே இல்ல. இது ஒரு மாதிரி கரண்டு காத்து உடும். அது பட்டா தூசி அப்டியே செத்துக் கீழ வுழுந்துடும்."

"கீழன்னா?"

"தரையிலதான்."

"தரையில நான்தானே படுத்திருக்கேன்!"

அவர் அதை ஓரமாக நகர்த்தினார். அடுத்ததை எடுத்தார். கறுப்புப் பெட்டி, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. பின்கதவைத் திறந்தால் தேவநாதன் சொன்ன மாதிரியே மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பேப்பர். ஓடவிட்டால் டேபிள் ஃபேனைவிடச் சத்தம். இதன் விலையும் கிட்டத்தட்ட அதே. "ஆனா இதுக்கு வருஷத்துக்கு ஒருக்கா ஃபில்டர் மாத்தணும்மா. அது எங்ககிட்டயே கெடைக்கும்."

பார்த்தாயா, என்று நினைத்தாள் ஜெசிந்தா. ஒன்று பொய் சொல்கிறது. இன்னொன்று வருஷா வருஷம் வந்து இந்த ஆளிடம் கைகட்டி நிற்கச் சொல்கிறது.

"உங்க வூட்ல எதுங்க வெச்சிருக்கீங்க?"

"எங்க வீட்ல ஏசிம்மா" என்றார் அவர், பாவம், உண்மையைச் சொல்லி.

இரண்டையும் வாங்காமல் திரும்பி வந்தாள்.

மறுநாள் தேவநாதனிடம் கடைக்காரரைப் பற்றிச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "அக்கா, எங்கிட்டயே பழசு ஒண்ணு பரண்ல கெடக்குது. மெட்ராஸ் ரூம்ல வெச்சிருந்தது. எடுத்தாந்து தர்றேன், ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. அண்ணனுக்கு ஒத்துக்கினா புதுசா வாங்கிக்குங்க" என்றான்.

"காசு?"

"காசெல்லாம் வேணாங்கா."

காசு வேண்டாம் என்றது அவளை மேலும் பயமுறுத்தியது. ஆனாலும் அவன் கொண்டுவந்ததும் முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்தாள். உள்ளே மடிப்புப் பேப்பர் சாம்பல் நிறத்தில், அடுப்பங்கரைச் சுவர் மாதிரி இருந்தது. "மாத்தணும்தான்" என்று தேவநாதன் தலையைச் சொறிந்தான். அவளுக்கோ அந்த அழுக்கைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கையே வந்தது. பிடித்தது உள்ளே இருக்கிறது. கையும் களவுமாக இருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சவுரிராயனின் கட்டில் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு மிஷினை வைத்தாள். முதல் வாரம் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் சாயங்கால இருமல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. குறைந்தது மிஷினாலா, அல்லது ஐப்பசி பிறந்து காற்று ஈரமாகித் தூசி அடங்கியதாலா என்று அவளுக்குச் சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று ஓடவிட்டாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சன்னலைச் சாத்தி, கதவை ஒருக்களித்து, நாள் முழுதும் சவுரிராயன் உள்ளேயே கிடந்தான். ஒரு நாள் மத்தியானம் நனைந்த சாக்கை வாசலில் போட்டுவிட்டு ஜெசிந்தா அறைக்குள் காலை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். புகையிலை வாசனை.

கிட்டே போய் அவன் வாயை முகர்ந்தாள். சட்டையை முகர்ந்தாள். தலையணையைத் தூக்கினாள், டின்களை நகர்த்தினாள், மாதா படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தாள்.

"இன்னாமே தேடறே?"

"உனக்குத் தெரியாதா? ரூமெல்லாம் நாறிக்கினு இருக்குது."

"எனக்கும்தான் அடிக்குது. ஆனா இது பீடி நாத்தம் இல்லமே."

"பின்ன சாம்பிராணியா?"

அவள் மூக்கு வாசனையைப் பிடித்துக்கொண்டே போய் மிஷினில் நின்றது. பின்கதவைத் திறந்தாள். குப்பென்று அடித்தது. அவள் முகத்தில், எத்தனையோ வருடத் தேடலுக்குப் பலன் கிடைத்த மாதிரி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா? நான் புடிக்க முடியாதத மிஷினு புடிச்சிக் குடுத்துடுச்சி. நான் அந்தாண்ட மழையில நனைஞ்சிக்கினு டோக்கன் குடுக்கறேன், நீ இந்தாண்ட கதவச் சாத்திக்கினு ஊதிக்கினு இருக்கே. எவ்ளோ நாளா நடக்குது? இந்த மூச்ச வெச்சிக்கினு உனக்கு வெக்கமா இல்ல?"

இந்தத் தடவை அவன் மாதா மேல் சத்தியம் செய்யவில்லை, சிரிக்கவுமில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ரயில் கூட்டமெல்லாம் ஓய்ந்து, அவனுக்கு இட்லி வாங்கப் போனபோது குப்பம்மாள் சொன்னாள்: "உங்க வூட்டுக்காரரு பையோட போனாரே, செஞ்சி பஸ்ல ஏறினாரு. உங்கிட்ட சொல்லலியா?"

அவனுடைய அக்கா சலேத்து செஞ்சிக்குப் பக்கத்தில் அனந்தபுரத்தில் இருந்தாள். அங்கேதான் போயிருப்பான். போகட்டும் என்று விட்டாள் ஜெசிந்தா. குற்றமில்லாதவன் ஏன் ஓட வேண்டும்? அக்கா வீட்டுத் திண்ணையில் கேட்க ஆளில்லாமல் குடிக்கலாம் என்றுதான் போயிருக்கிறான். குப்பம்மாளிடம் அப்படியே சொன்னாள். குப்பம்மாள் சட்னியைக் கிளறியபடி, "எனக்கு இன்னாம்மா தெரியும்" என்றாள்.

மழை விடவில்லை. ஆளில்லாத அறையின் பூட்டைத் திறந்து தனியாகச் சாப்பிட்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போவாள். துணி காயாமல் வாடை அடித்ததால், ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது மிஷினைப் போட்டுவிட்டாள். இரண்டு கவளம் உள்ளே போயிருக்கும். அதே புகையிலை வாசனை.

கை சோற்றில் நின்றுவிட்டது. அவன் போய் ஒரு வாரமாகிறது. அறை பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. யார் வந்து குடித்திருக்க முடியும்? எழுந்துபோய் மிஷினை நிறுத்தினாள்; வாசனை மெல்ல அடங்கியது. போட்டாள், வந்தது. மறுபடி நிறுத்தினாள். மீதிச் சோற்றை அப்படியே மூடி வைத்தாள்.

சாயங்காலம் தேவநாதன் வண்டி எடுக்க வந்தபோது டோக்கனை வாங்காமலே கேட்டாள்.

"தம்பி, நீ சிகரெட்டு குடிப்பியா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இப்ப விட்டுட்டேங்கா. ரூம்ல இருந்தப்போ நாங்க நாலு பேருமே குடிப்போம். ஹவுஸ் ஓனரு மாடியில இருந்தாரு, வாசனை வந்தா காலி பண்ணச் சொல்லிடுவாரு. அதுக்கோசரம்தான் அந்த மிஷினையே வாங்கினோம். ஏங்கா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கலியேக்கா."

கேட்கவில்லைதான். காசைப் பற்றிக் கேட்டாள், கமிஷன் உண்டா என்று மனசுக்குள் நூறு தரம் கேட்டாள். எதைக் கேட்டிருக்க வேண்டுமோ அதைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயில் கூட்டம் இருக்காது. ஸ்டாண்டைக் குப்பம்மாளிடம் விட்டுவிட்டு, மிஷினிலிருந்து ஃபில்டரைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு செஞ்சி பஸ் ஏறினாள். அங்கே இறங்கி அனந்தபுரத்துக்கு வேறு பஸ். வழியெல்லாம் மடியில் அந்தப் பை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு இரண்டு தடவை பையைப் பார்த்தாள்.

சலேத்து வாசலிலேயே எதிர்ப்பட்டாள். "வா" என்று சொன்னதில் வரவேற்பு இல்லை.

"அண்ணி, அவரு எங்க?"

"பின்னால இருக்கான். வந்த அன்னிக்கு ராவெல்லாம் குந்திக்கினே மூச்சு வாங்கினான். இன்னாடான்னு கேட்டா சொல்ல மாட்டேன்றான். அவன இன்னா சொன்னே நீ?"

ஜெசிந்தா நேரே பின்பக்கம் போனாள். சவுரிராயன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. அவள் பையிலிருந்து ஃபில்டரை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"மோந்து பாரு."

"எதுக்கு?"

"பாருய்யா."

முகர்ந்தான். "சிகரெட்டு."

"அந்தப் பையன் ரூம்ல குடிச்சது. நாலு பேரு குடிச்சிருக்கானுங்க. மழை ஈரத்துல கெளம்பியிருக்குது."

"நான் அன்னிக்கே சொன்னேனே, பீடி நாத்தம் இல்லன்னு. முப்பது வருஷம் குடிச்சவனுக்குப் பீடி எது, சிகரெட்டு எதுன்னு தெரியாதா?"

"தெரியும். நான்தான் காதுல வாங்கல."

அவன் ஃபில்டரைக் கீழே வைத்தான். மூச்சு கொஞ்சம் வாங்கியது. பம்ப்பை எடுத்து உறிஞ்சிவிட்டு, சிறிது பொறுத்துப் பேசினான்.

"ஜெசி, பீடிய உடறது எவ்ளோ கஷ்டம்னு உனக்குத் தெரியாது. சோத்த உட்டுடலாம். ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி கை பாக்கெட்டுக்குப் போவும் தெரியுமா? அங்க ஒண்ணும் இருக்காது. உன் கைதான் இருக்கும், தேடிக்கினு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'உட்டுட்டியா, பரவால்லியே'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா..."

ஜெசிந்தா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுகிறவர்களை நம்பாத பழக்கத்தால் தன் அழுகையின் மேலேயே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"தப்புதான்" என்றாள். "வா, வூட்டுக்குப் போவலாம்."

சலேத்து இருவருக்கும் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். கிளம்புகையில் சலேத்து அவள் கையைப் பிடித்து, "அவன் கல்லு மாதிரி கெடந்தவன்டி. இப்ப கண்ணாடி. பாத்து வெச்சிக்க" என்றாள்.

திரும்பும்போது விழுப்புரம் வழியாகப் போகலாம் என்றான் சவுரிராயன். "அந்தக் கடைய நானும் ஒருக்கா பாக்கறேன். என் மூக்குக்கு வாங்கற சாமான், என்ன உட்டுட்டு நீ மட்டும் பாத்துட்டு வந்தே."

ஞாயிறு மாலை. கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. ராஜசேகர் ஜெசிந்தாவைக் கண்டதும் உபசாரத்தை எல்லாம் சுருக்கிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினார்.

சவுரிராயன் வெள்ளை உருண்டையை ஓடவிடச் சொன்னான். அதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "வெல்டிங் பட்டறைல நிக்கற மாதிரி ஒரு வாடை வருது. தொண்டய அரிக்குது. நிறுத்துங்க." பிறகு கறுப்புப் பெட்டி. அதன் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். தூங்கிவிட்டானோ என்று ஜெசிந்தா தோளைத் தொட்டாள்.

"இதுவே எடு."

"சத்தம் போடுதேய்யா."

"போடட்டும். மண்டி மிஷினு பக்கத்துலயே மூட்ட மேல படுத்துத் தூங்கினவன் நான். சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்."

அவ்வளவு தூரம் அலைந்து, ஆராய்ந்து, இரவெல்லாம் யோசித்தும் ஜெசிந்தாவால் தீர்க்க முடியாததை அவன் உட்கார்ந்த இடத்தில் தீர்த்துவிட்டான். ஆனாலும் அவளுக்கென்று ஒன்று பாக்கியிருந்தது. ராஜசேகர் உள்ளேயிருந்து எடுத்துவந்த புதுப் பெட்டியின் பின்கதவைத் திறக்கச் சொல்லி ஃபில்டரை வெளியே எடுத்தாள். அதன்மேல் பிளாஸ்டிக் உறை ஒட்டியபடியே இருந்தது.

"இதோட ஓட்டியிருந்தா?"

"காத்தே உள்ள போயிருக்காதும்மா" என்றார் அவர் குற்ற உணர்வோடு. "சொல்ல மறந்துட்டேன்." உறையை அவரே கிழித்தார். அவள் ஃபில்டரை முகர்ந்து பார்த்தாள். புதுக் காகித வாசனைதான். சரி என்று தலையசைத்தாள்.

மிஷின் வந்து இளைப்பு ஓடிப்போய்விட்டது என்று சொன்னால் அது பொய். சவுரிராயன் மாத்திரையை விடவில்லை, பம்ப்பையும் விடவில்லை. ஆனால் அந்தப் பெட்டி ஓட ஓட, இதைவிட முக்கியமான ஒன்று ஜெசிந்தாவுக்கு உறைத்தது. சாயங்காலம் வண்டிகள் உறுமிக் கிளம்புகிற நேரத்தில் பெட்டியால் ஈடுகொடுக்க முடியவில்லை. புகையை உள்ளே விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு, விடாமலே இருக்கலாமே? மறுநாளிலிருந்து புதுச் சட்டம் போட்டாள். யாரும் ஸ்டாண்டுக்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த்தான் உதைக்க வேண்டும்.

களைத்து வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "இன்னாங்கா பேஜாரு இது" என்றார்கள். வேறு ஸ்டாண்டு பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சிலர் போகவும் போனார்கள். தேவநாதன் மட்டும் வாயைத் திறக்காமல் முதல் ஆளாகத் தள்ளிக்கொண்டு போனான். அவன் சட்டைப் பை சிகரெட்டுப் பெட்டி அளவுக்குப் புடைத்திருந்ததை ஜெசிந்தா கவனித்தாள். ஆனால் கேட்கவில்லை.

தை மாதத்தில் டாக்டர் சவுரிராயனின் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, நல்லா தேறியிருக்கீங்க" என்றார்.

"அது மிஷினாலங்களா, மாத்திரையாலங்களா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"பீடிய விட்டாரு பாருங்க, அதுதான் முதல் காரணம். மத்ததெல்லாம் சேர்ந்துதான்."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "உட்டுட்டாருங்க. நெசமாவே உட்டுட்டாரு" என்றாள் டாக்டரிடம். சவுரிராயன் சட்டைப் பொத்தானைப் போடுவதில் மும்முரமாக இருந்தான்.

ஆனால் மிஷின் விஷயத்தில் அவளுக்குத் திருப்தி வரவில்லை. 'மத்ததெல்லாம் சேர்ந்து' என்றால் என்ன கணக்கு? ஒரு நாள் மத்தியானம், வண்டிகள் எல்லாம் அசையாமல் நிற்கிற நேரத்தில், அறைக்குள் வந்தாள். சவுரிராயன் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பழைய மாதிரி மூன்று தலையணை அடுக்கி அல்ல, ஒரே தலையணையில். அவள் சத்தமில்லாமல் கையை நீட்டிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, என்ன ஆகிறதென்று பார்க்க நின்றாள்.

"ஏம்மே நிறுத்தின?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

"நான் எங்க நிறுத்தினேன்? கரண்டு பூடுச்சி."

"மேல ஃபேன் ஓடிக்கினு இருக்குதே."

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி வெளியே போனாள்.